ஒரு பாப் பாடல் கட்டுரையை ‘நல்ல கட்டுரை’ ஆக்கிய அனுபவம்

‘நல்ல கட்டுரை’ என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் மதிப்பாய்வில் தேறும் கட்டுரைக்குத் தரும் ஒரு தர நிலை. அங்கே நாங்கள் சிலர் கையில் எடுத்தபோது அந்தப் பாடலைப் பற்றிய கட்டுரையில் இருந்தது நீளமான ஒரு தரவரிசை அட்டவணையும் அதற்கு மேலே ஓரிரு வரி அறிமுகமும்தான். பாப் பாடல் கட்டுரைகள் நிறைய இப்படித்தான் கிடக்கின்றன. எந்த நாட்டில் எத்தனையாவது இடம் என்பது தெரியும், பாடல் எப்படி உருவானது, அதில் இசையாக என்ன நடக்கிறது என்பது தெரியாது.

முதல் கேள்வியே இதற்குத் தனிக் கட்டுரை தேவையா என்பதுதான். தரவரிசையில் ஏறிவிட்டது என்பது மட்டும் போதாது. ஆல்பத்துக்கான விமர்சனத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியும் போதாது. பாடகரோடும் வெளியீட்டாளரோடும் சம்பந்தமில்லாத இதழ்கள் அந்தப் பாடலைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தை ஆல்பக் கட்டுரைக்கு வழிமாற்றிவிடுவார்கள். அதனால் கட்டுரையில் கை வைக்காமல், அதைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சான்றுகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தோம். இங்கே ஒரு வசதி பலருக்குத் தெரியாது: கணக்குத் தொடங்கி 6 மாதம் ஆகி, 500 தொகுப்புகளுக்கு (பக்கங்களில் செய்யும் மாற்றங்களுக்கு) மேல் செய்து, அண்மையிலும் தொகுத்துக்கொண்டிருந்தால் விக்கிப்பீடியா நூலகம் வழியாகக் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் செய்தித்தாள், ஆய்விதழ்க் காப்பகங்களை இலவசமாகப் பார்க்கலாம். எங்களில் ஒருவர் அதற்குள் புகுந்து எடுத்துத் தந்த பழைய பேட்டிகள் இல்லாமல் ‘உருவாக்கம்’ என்ற பகுதியே எழுதியிருக்க முடியாது.

அப்புறம் இசைவகைச் சண்டை. கட்டுரையின் ஓரத்தில் சுருக்கமாகத் தகவல் தரும் தகவற்பெட்டியில் ஒருவர் சின்த்-பாப் என்று போடுவார், இன்னொருவர் அதை எடுத்துவிட்டு டான்ஸ்-பாப் என்பார், மூன்றாமவர் வந்து இரண்டையும் தூக்கிவிட்டு ஆர் அண்ட் பி என்பார், யாரும் காரணம் எழுத மாட்டார்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் 3 முறைக்கு மேல் அடுத்தவர் தொகுப்பை மீளமைத்தால், அதாவது நீக்கிப் பழையபடி ஆக்கினால், தடை வரும் என்று விதி இருக்கிறது, ஆனால் ஆள் மாறி ஆள் வரும்போது அந்த விதி மட்டும் எதையும் நிறுத்துவதில்லை. கடைசியில் பக்கத்துக்குப் பகுதிக் காப்பு போட்டார்கள், அதாவது 4 நாள் பழைய கணக்கும் 10 தொகுப்பும் இல்லாதவர்கள் தொட முடியாது. அந்த இடைவெளியில் எந்த விமர்சகர் இந்தப் பாடலை எந்த வகை என்று சொன்னார் என்பதை மட்டும் பேச்சுப் பக்கத்தில் வரிசையாக எழுதினோம். பாடகரின் பாணி பற்றியோ முழு ஆல்பம் பற்றியோ சொன்னதைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டியல் கண்முன் வந்ததும் வாதம் தானாக அடங்கியது, ஏனென்றால் அதுவரை எல்லோரும் தங்கள் காதை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காது விஷயம் இன்னொரு இடத்திலும் வந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. எங்களோடு இருந்த ஒருவர் நல்ல கீபோர்டு கலைஞர். பாடலின் ஸ்வரக்கோர்வை எப்படி நகர்கிறது என்று அவருக்குக் கேட்டவுடனே தெரியும், ஆனால் அதை எழுதினால் சொந்த ஆய்வு ஆகிவிடும், விக்கிப்பீடியாவில் அதற்கு இடமில்லை, வெளியான சான்று வேண்டும். ‘எனக்குக் கேட்கிறதே, இதற்கு எதற்குச் சான்று’ என்று அவர் வருத்தப்பட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வாசகருக்கு அவர் யார் என்று தெரியாது, சரிபார்க்கவும் வழியில்லை. சரி என்று பதிப்பாளர் வெளியிட்ட இசைக்குறிப்பை எடுத்தோம், சுருதி, வேகம், குரல் எல்லை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்தவுடன் அவர் ஒன்று சொன்னார்: அச்சிட்ட குறிப்பு பியானோவுக்கு ஏற்ப மாற்றி எழுதியதாக இருக்கலாம், ஒலிப்பதிவின் சுருதியே அதுதான் என்று எழுதிவிடாதீர்கள். அதனால் ‘வெளியான இசைக்குறிப்பின்படி’ என்று சேர்த்தோம். அவர் காது கேட்டது கட்டுரையில் ஒரு வரியாகக்கூட வரவில்லை, ஆனால் அந்தப் பகுதியில் தவறு நுழையாமல் காத்தது அதுதான்.

அதிக நேரம் தின்றது விமர்சனப் பகுதி. ‘இவர் பாராட்டினார், அவர் பாராட்டினார்’ என்று மேற்கோள்களை அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு குரலைப் பற்றிச் சொன்னவை ஒரு பத்தி, இசையமைப்பைப் பற்றிச் சொன்னவை ஒரு பத்தி, வரிகளைப் பற்றிச் சொன்னவை இன்னொரு பத்தி என்று பிரித்தோம். பாடலைப் பிடிக்காதவர்களுக்கும் அதே அளவு மரியாதையோடு இடம் கொடுத்தோம். ரசிகர்களாக இருந்த எங்களுக்கு அது எளிதாக இல்லை, ஆனால் கட்டுரைக்கு உயிர் வந்தது அங்கேதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அட்டவணைகளை அதில் கைதேர்ந்த ஒருவர் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு கடையின் விற்பனையை மட்டும் காட்டும் ஐடியூன்ஸ் போன்ற பட்டியல்களை நீக்கினார். அமெரிக்காவின் பிளாட்டினம் சான்று 10 லட்சம் அலகு என்பது 10 லட்சம் பிரதி விற்றது என்று பொருள்படாது, 150 ஸ்ட்ரீம்களும் ஓர் அலகாகக் கணக்கில் வரும் என்பதை அட்டவணைக்குக் கீழே தெளிவாக எழுதினார். கட்டுரையில் கேட்பதற்காகச் சேர்க்கும் ஒலித்துண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. பாடலின் நீளத்தில் 10 சதவீதம் அல்லது 30 விநாடி, இதில் எது குறைவோ அது. 3 நிமிடம் 20 விநாடி ஓடும் பாடல் என்றால் 20 விநாடிதான். அதனால் விமர்சகர்கள் அதிகம் பேசிய, பல்லவிக்குள் நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பிறகு ‘நல்ல கட்டுரை’ மதிப்பாய்வுக்குப் பரிந்துரைத்துவிட்டுக் காத்திருந்தோம். கட்டுரையில் பெரிதாகப் பங்களிக்காத ஒருவர்தான் மதிப்பாய்வு செய்ய வேண்டும், அவரும் தன்னார்வலர்தான், ஆள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். வந்தவர் சில மேற்கோள்களை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ‘பெரும்பாலும் நல்ல வரவேற்பைப் பெற்றது’ என்ற வரியை அப்படியே சொல்லும் சான்று எங்கே என்று கேட்டார். பத்து விமர்சனங்களில் எட்டு நல்லவை என்று நாம் எண்ணி முடிவு சொல்லக்கூடாது என்பது அவர் வாதம், கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டோம். திருத்தங்களுக்கு வழக்கமாகத் தரும் அவகாசம் 7 நாள். அதற்குள் எல்லோரும் பிரித்துக்கொண்டு முடித்தோம், பக்கத்தின் மேல் மூலையில் பச்சைக் கூட்டல் குறி வந்தது.

இப்போது அதற்கும் மேலான ‘சிறப்புக் கட்டுரை’ நிலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அங்கே பலர் பார்ப்பார்கள், படங்களையும் சான்றுகளையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஒலிப்பதிவு நடந்த விதம் பற்றிய பத்திதான் இன்னும் மெலிந்து கிடக்கிறது. இசை இதழ்களின் பழைய அச்சுப் பிரதிகள் யாரிடமாவது இருந்து தேடிப் பார்க்கவும் மனமிருந்தால், இதுபோல அரைகுறையாக நிற்கும் பாடல் கட்டுரை எதையாவது திறந்து, பேச்சுப் பக்கத்தில் இதழின் பெயர், தேதி, பக்க எண் மட்டும் எழுதிவிட்டுப் போங்கள், மீதியை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.