முக்காலா போட்டால் யார் உட்கார்ந்திருப்பது?

டிஜே தம்பி ‘காதலன்’ படத்து ‘முக்காலா’ பாட்டைப் போட்டதுதான் தாமதம், பக்கத்து மேசை அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நேற்றிரவு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து. அதுவரை பிள்ளைகள் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார், செருப்பை மேசைக்கடியில் தள்ளினார், போய்விட்டார். பின்னாலேயே நாலைந்து அண்ணன்மார்கள். தோள் வெட்டு, தொப்பியைப் பிடிப்பதுபோல் நெற்றிக்குப் போகும் கை... ஒன்றுகூட மறக்கவில்லை. வேறு வேறு தோட்டத்தில் வளர்ந்தவர்கள், ஒரே அடிக்கு ஒரே காலைத் தூக்கினார்கள்!

1994-இல் ‘காதலன்’ வந்தபோது எங்கள் எல்லாருக்கும் பிரபுதேவாதான் வாத்தியார். திருவிழா மேடைக்காக தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகினோம். ரகுமானின் பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கும். மனோவும் சுவர்ணலதாவும் அதன்மேல் ஏறி விளையாடுவார்கள்.

கேட்டு ரசித்த பாட்டு எத்தனையோ மறந்துபோச்சு. ஆடிப் பழகியது உடம்பை விட்டுப் போகவில்லை.

அந்த லயங்கள் பலவும் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் அதுவும் போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்தது. ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். சேர்ந்து பழகிய அந்த ஆட்டத்தை மட்டும் எல்லாரும் கையோடு கொண்டுபோயிருக்கிறோம்.

சுவர்ணலதா 2010-இல் நம்மை விட்டுப் போய்விட்டார். அந்தக் குரலுக்கு இன்னும் ஒரு மண்டபமே எழுந்து ஆடுகிறது.

டிஜே தம்பிகளே, விருந்துக்கு அரைமணி நேரமாவது எங்கள் பாட்டுக்கு ஒதுக்குங்கள். சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை.