ஷோவை வீடியோ எடுக்கப் போறீங்களா? கேமராவை விடுங்க, மொதல்ல சவுண்ட் மிக்சர்காரரைப் புடிங்க

நண்பரோட பேண்ட் ஷோவை முழுசா எடுத்து ஒரு கான்சர்ட் படமா ஆக்கித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். எடிட் முடிச்சு இப்பதான் மூச்சு விடுறேன். கேமரா பக்கம் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நடுவுல மேடை முழுசும் தெரியற மாதிரி ஒரு வைடு கேமரா, அதுல ரெக்கார்டிங் கடைசி வரைக்கும் நிக்கவே கூடாது, ரெண்டு பக்கமும் க்ளோசப், எல்லாத்துலயும் வைட் பேலன்ஸ் (நிறம்), எக்ஸ்போஷர் (வெளிச்சம்) ரெண்டையும் மேனுவல்ல பூட்டியாச்சு (ஆட்டோல விட்டா பின்னாடி இருட்டைப் பாத்துட்டு பாடுறவர் மூஞ்சிய வெள்ளையடிச்சுடும்), அவ்ளோதான். என்னைய சாவடிச்சது பேப்பரும் சவுண்டும்.

ஷோவை நடத்துறவர் ஃபோன்ல "தாராளமா எடுங்க தம்பி"ன்னு வாய் நிறைய சொன்னாரு. அன்னைக்கு சாமானோட போய் நின்னா அரங்கத்துப் பொறுப்பாளர் "எழுத்துல இருக்கா?"ங்கறாரு. சொன்னவருக்கு ஃபோன் போட்டா எடுக்கல, அவரு உள்ள எங்கயோ பூங்கொத்து அடுக்கிட்டு இருக்காரு போல. வாட்ஸப்ல அவரு "ஓகே" போட்டதைக் காட்டுனேன், "இது எங்களுக்குச் செல்லாது சார்"னுட்டாரு. கடைசில ஷோ நடத்துறவரே வந்து ஒரு தாள்ல நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டதும் உள்ள விட்டாங்க, ஆனா அதுக்குள்ள சவுண்ட் செக்கே முடிஞ்சிருச்சு. அதுதான் உண்மையான நஷ்டம், ஏன்னா மிக்சர்ல (மைக், வாத்தியம் எல்லாத்தோட சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புற மெஷின்) இருக்குறவர்கிட்ட நிதானமாப் பேச முடியற ஒரே நேரம் சவுண்ட் செக்தான்.

அதோட நிக்கல. நான் முன்னாடியே வந்து பாத்து வச்சிருந்த எடத்துல ஸ்டாண்ட் போடக் கூடாதாம், எமர்ஜென்சி வழியாம். நியாயம்தான், ஆனா அன்னைக்கு நான் டேப் வச்சு அளந்துட்டு இருந்தப்ப பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. அதனால எழுதி வாங்குங்க, வெறும் "வீடியோ எடுக்க அனுமதி"ன்னு மட்டும் வாங்காதீங்க. எந்தெந்த எடத்துல ஸ்டாண்ட், எந்த ப்ளக் பாயிண்ட், மிக்சர்ல இருந்து நம்ம ரெக்கார்டருக்கு சத்தம் வர்ற லைன் உண்டா, படம் எங்க வெளியாகப் போகுது, நாலும் அதுல இருக்கணும்.

சரி, மிக்சர்காரர். "அண்ணே, ரெக்கார்டருக்கு ரெண்டு லைன் வேணும்"னா, "ஆக்ஸ் எல்லாம் மானிட்டருக்குப் போயிருச்சு தம்பி"ன்னு திரும்பியே பாக்கல (ஆக்ஸ்னா மிக்சர்ல இருந்து தனியா சத்தம் எடுக்குற வழி, மானிட்டர்னா மேடைல இருக்குறவங்க தங்களைக் கேக்குற ஸ்பீக்கர்). கெஞ்சிக் கூத்தாடி ஹால் ஸ்பீக்கருக்குப் போற மெயின் அவுட்லயே ஒரு ஜோடி பிரிச்சுக் கொடுத்தாரு. ரெக்கார்டர்ல லைன் இன்புட்லதான் மாட்டினேன், மைக் இன்புட்ல மாட்டிறாதீங்க, மிக்சர்ல இருந்து வர்ற பலமான லைன் லெவல் சிக்னல் அங்க போனா மொத்தமும் கிழிஞ்சு போயிடும். பீக் (அதிகபட்ச சத்தம்) மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி வச்சேன். அழகா ஓடிட்டு இருந்துச்சு. மூணாவது பாட்டுல கூட்டம் கத்த ஆரம்பிச்சதும் அண்ணன் மாஸ்டரை (மொத்த சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற கண்ட்ரோல்) தூக்குனாரு பாருங்க, அவரு மாஸ்டரைத் தூக்குனா என் லைனும் சேந்து ஏறுது, மீட்டர் செவப்பாவே நின்னுடுச்சு. கையக் காட்டுறேன், அவரு எனக்கு டாட்டா காட்டுறாரு. நல்லவேளை, இன்னொரு ஜோடி ட்ராக்ல அதே சத்தத்தை 12 டெசிபல் கம்மியா சேஃப்டிக்குப் போட்டு வச்சிருந்தேன். அந்த ஷோவைக் காப்பாத்துனதே அதுதான். உங்க ரெக்கார்டர்ல இந்த வசதி இருந்தா கண்ணை மூடிட்டு ஆன் பண்ணுங்க.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கைக் கேட்டா அடுத்த இடி. பாடுறவர் குரல் மட்டும் கணீர்னு இருக்கு, டிரம்ஸும் கிட்டாரும் எங்கயோ பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரி இருக்கு. சின்ன அரங்கத்துல இப்படித்தான் ஆகும், டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் (கிட்டாரோட சொந்த ஸ்பீக்கர்) தானாவே ஹால் முழுக்கக் கேக்கும், அதனால மிக்சர்ல அதைக் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க. மிக்சர் லைனை மட்டும் நம்புனா படத்துல பேண்டே இருக்காது. மேடை விளிம்புல ஒரு ஜோடி ஸ்டீரியோ மைக் வச்சே ஆகணும். எனக்கு அதுக்கு எடம் தரல, கடைசி வரிசைல இருந்த வைடு கேமராவோட மைக்தான் கதி. சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், 25 மீட்டர் தள்ளி நின்னா 70 மில்லி செகண்டுக்கு மேல லேட், 25 ஃப்ரேம் வீடியோல அது கிட்டத்தட்ட ரெண்டு ஃப்ரேம். அப்படியே மிக்சர் சத்தத்தோட கலந்தா எக்கோ அடிக்கும். பின்னாடி எடுத்த சத்தத்தை அந்த அளவுக்கு முன்னாடி நகத்திட்டுக் கலந்தா ஹால் சத்தமும் வந்துடும், அடியும் சரியா விழும்.

சிங்க் கதை தனி, அதாவது படத்தையும் சத்தத்தையும் ஒண்ணாப் பொருத்துறது. டிரம்மரை ஒரு தம்பி ஃபோன்ல எடுத்துக் கொடுத்தாப்ல, ஃபோன்கள்ல நெறைய, ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்ங்கறதை) எடுக்குறப்பவே அதுவா மாத்திக்கும், எடிட்டுல போட்டா குச்சி ஒரு எடத்துல சத்தம் ஒரு எடத்துல. மொதல்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டுதான் டைம்லைன்ல போடணும். நல்ல கேமராவும் ரெக்கார்டரும் இருந்தாக்கூட ரெண்டும் தனித்தனி கடிகாரம், நீளமா ஓடுனா மெதுவா விலகும். அதனால ஆரம்பத்துல கை தட்டுறது போதாது, முடியறப்பவும் ஒரு தட்டு தட்டுங்க, எவ்ளோ விலகியிருக்குன்னு அப்பதான் தெரியும். சரி பண்றதுக்குக் குறுக்கு வழி, பாட்டுக்கு நடுவுல கைதட்டல் வருதுல்ல, அங்க வெட்டி நகத்துறதுதான். கைதட்டல்ல யாருக்கும் தெரியாது. வெறுத்துப் போய் உக்காந்திருந்தப்ப ஆறுதலா நெனச்சுக்கிட்டது ஆரீத்தா ஃப்ராங்க்ளின் 1972ல சர்ச்சுல பாடுன அமேசிங் கிரேஸ் படத்தைத்தான். டைரக்டர் சிட்னி பொல்லாக், அவ்ளோ பெரிய ஆளு, கிளாப் போர்டு (படத்தையும் சத்தத்தையும் பொருத்துறதுக்காக கேமரா முன்னாடி அடிக்கிற பலகை) அடிக்காம எடுத்ததால அப்ப படத்தையும் சத்தத்தையும் சேக்கவே முடியல. அப்புறம் சட்டச் சிக்கலும் சேந்து 2018லதான் வெளிய வந்துச்சு.

மேடைக்குப் பின்னாடி எல்இடி ஸ்க்ரீன் இருந்தா ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேமராவோட ஷட்டர் ஸ்பீடை மாத்தி மாத்திப் பாத்துருங்க, ஸ்க்ரீன்ல வரி வரியா கோடு ஓடுறதை எடிட்டுல எடுக்குறது பெரும் பாடு. சில பழைய கேமரா 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுடும், அதை வைடுக்கு வைக்காதீங்க.

எல்லாம் முடிச்சு நெட்ல ஏத்துனா, ஒரு பாட்டுக்குக் காப்பிரைட் க்ளெய்ம். கவர் பாட்டு, அதாவது வேற ஒருத்தரோட பாட்டை பேண்ட் பாடுனது. ஷோ நடத்துனவரைக் கேட்டா "அரங்கத்துக்கு லைசென்ஸ் இருக்கே"ங்கறாரு. அண்ணே, அது மேடையில பாடுறதுக்கு, படத்தோட சேத்து வெளியிடுறது வேற உரிமை, அதைப் பாட்டோட உரிமை வச்சிருக்கவங்ககிட்டதான் தனியா வாங்கணும். பாடுனது, வாசிச்சது, ரெக்கார்ட் பண்ணது எல்லாமே நீங்களா இருந்தாலும் மெட்டும் வரியும் அவங்களோடதுதான். இதை முன்னாடியே வாங்கி வைக்கச் சொல்லி பேண்டுக்கு மெயில் போட்டிருந்தேன், ஒருத்தரும் படிக்கல. இப்போதைக்கு அந்தப் பாட்டை வெட்டிட்டு மீதியை ஏத்தியாச்சு. டிரம்மர் மட்டும் என்கூடப் பேசுறதில்ல, அவரோட சோலோ அந்தப் பாட்டுலதான் இருந்துச்சு.