குடும்பப் படத்துக்கு எஃப்/1.8 வேண்டாம்

ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸும் கைக்கு வந்ததும் முதலில் செய்யத் தோன்றுவது, அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை; எஃப் எண் சிறியதானால் துளை பெரிது) முழுக்கத் திறந்து பின்னணியைக் கரைத்துவிடுவதுதான். ஒரே ஒரு முகத்துக்கு அது பொருந்தும். அதே செட்டிங்கில் மூன்று பேரை உட்காரவைத்து எடுத்தால் அப்பா பளிச்சென்று இருப்பார், அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் மகள் மங்கியிருப்பாள். கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணில் படாது. கணினியில் பெரிதாக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 36க்கு 24 மி.மீ. (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில், 85 எம்எம் லென்ஸை எஃப்/1.8இல் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரை, அதாவது ஒரு தலைக்கே அது சரியாகப் போய்விடும். எஃப்/4க்கு வந்தால் 30 செ.மீ., எஃப்/5.6இல் 42 செ.மீ. இவை 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (சென்சாரில் ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் கூர்மை என்றே கொள்ளும் வரம்பை) வைத்துப் போட்ட எண்கள். அதிக மெகாபிக்சல் கேமராவில் எடுத்து, 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு இதுவே தாராளமான கணக்கு.

ஆனால் 3 மீட்டரில் 85 எம்எம் காட்டும் அகலம் 1.27 மீட்டர்தான், நெருக்கி உட்கார்ந்தால் இரண்டு மூன்று பேர். எட்டுப் பேரை இரண்டு வரிசையில் வைக்க இரண்டரை மீட்டர் அகலமாவது வேண்டும். அதற்கு 85 எம்எம் என்றால் 6 மீட்டர் பின்னால் போக வேண்டும், 50 எம்எம் என்றால் மூன்றரை மீட்டர் போதும். இதில் எது அதிக ஆழம் தரும்? எஃப்/5.6இல் இரண்டுமே ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். ஃப்ரேமில் விழும் அகலம் ஒன்றாக இருக்கும்வரை, இந்தத் தூரங்களில் ஆழத்தைத் தீர்மானிப்பது அபெர்ச்சர் மட்டுமே. ‘வைட் லென்ஸ் போட்டால் எல்லோரும் ஃபோகஸில் வந்துவிடுவார்கள்’ என்று நம்பி லென்ஸை மாற்றுவதில் பயனில்லை.

லென்ஸ் மாறினால் மாறுவது முகங்களின் அளவு விகிதம். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 80 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். அதே இரண்டரை மீட்டர் அகலத்தை 35 எம்எம் லென்ஸில் எடுக்க ஏறத்தாழ 2.45 மீட்டரில் நிற்க வேண்டியிருக்கும். அப்போது பின்வரிசைத் தலைகள் முன்வரிசையைவிடக் கால் பங்கு சிறிதாக விழும். 85 எம்எம் லென்ஸோடு 6 மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் 12 சதவீதம்தான். ஓரத்தில் நிற்பவர்களின் கதை தனி. 24 எம்எம் லென்ஸில் ஃப்ரேமின் விளிம்பில் விழும் தலை 25 சதவீதம்வரை அகலமாக இழுபடும்; 35இல் 12, 50இல் 6, 85இல் 2. ஓரத்தில் நின்ற அத்தை படத்தைப் பார்த்துவிட்டு ‘நான் இவ்வளவு குண்டா?’ என்று கேட்டால் குற்றம் அவருடையதல்ல. இடம் இருந்தால் 85, வீட்டுக்குள் என்றால் 50. 35ஐத் தொடுவது வேறு வழியே இல்லாதபோது. அப்போதும் இரு ஓரங்களையும் கொஞ்சம் காலியாக விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஆக, எஃப்/5.6 என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைக்குக் கணக்குப்படி எஃப்/4கூடப் போதும். ஆனால் ஃபோகஸ் சிறிது முன்னே பின்னே விழுந்தாலும் தாங்குகிற உபரி அதில் இருக்காது. மூன்று வரிசைக்கு எஃப்/8. எஃப்/16 பக்கம் போனால், சின்னத் துளையில் ஒளி பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதுமே லேசாக மென்மையாகிவிடும்.

முகங்களை ஒரே தளத்துக்குக் கொண்டுவருவது அபெர்ச்சரை மூடுவதைவிடச் சுலபம். பின்வரிசையில் நிற்பவர்களை இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னாலே பத்துப் பதினைந்து செ.மீ. மிச்சமாகும். முன்வரிசை நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தால் தோரணை வரும், ஆனால் சாய்ந்து உட்கார்ந்தால் தலை பின்வரிசைக்கு நெருங்கும்; நிமிர்வதே நன்றாக இருக்கும், பின்வரிசையை ஒட்டி நிற்கவைத்துச் சமாளியுங்கள். வரிசையை அரைவட்டமாக வளைப்பது நல்ல யோசனை போலத் தோன்றும், எல்லோரும் கேமராவிலிருந்து சம தூரத்தில் இருப்பார்களே என்று. ஆனால் ஃபோகஸ் விழுவது சென்சாருக்கு இணையான தட்டையான தளத்தில். வளைத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் அந்தத் தளத்தைவிட்டு முன்னால் வந்துவிடுவார்கள். லேசான வளைவு பரவாயில்லை.

உயரங்களைக் கலைத்துப் போடுங்கள். தலைகள் ஒரே கோட்டில் இருந்தால் அலுவலகக் குழுப் படம்போல ஆகிவிடும். முதியவர்கள் நாற்காலியில், ஒருவர் ஸ்டூலில், ஒருவர் நாற்காலியின் கைப்பிடியில், குழந்தை மடியில் என்று வைத்தால் பக்கத்துப் பக்கத்துத் தலைகள் அரைத் தலையாவது ஏறி இறங்கி நிற்கும். கேமரா உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கும் நிற்பவர்களின் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடி போட்டவர் இருந்தால் கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் அரை செ.மீ. தூக்கச் சொல்லுங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சரிந்து பிரதிபலிப்பு விலகும். எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு.

ஃபோகஸ் விஷயத்தில் ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்) ஒருவருக்கு வரம், எட்டுப் பேருக்குத் தொல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறொரு முகத்துக்குத் தாவும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, முன்வரிசை நடுவில் இருப்பவரின் கண்ணில் வையுங்கள். படம் பார்ப்பவரின் பார்வை முதலில் போவது முன்வரிசைக்கே. ஃபோகஸுக்குப் பின்னால் விழும் ஆழம் பின்வரிசையைப் பார்த்துக்கொள்ளும். ட்ரைபாடில் இருந்தால் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடலாம், யாரும் இடம் மாறாதவரை.

ஷட்டர் வேகம் 1/250 வினாடி. குழந்தைகள் துள்ளினால் 1/500. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், குழந்தையின் கையை அல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் எஃப்/5.6, 1/250 என்று வைத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200க்குப் போவது சாதாரணம், போகட்டும். ஃபுல் ஃப்ரேமில் அதனால் வரும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறை) மென்பொருள் சுத்தமாகத் துடைத்துவிடும். அசைந்து மங்கிய முகத்துக்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துப் பிறகு தூக்குவதால் நாய்ஸ் குறைவதில்லை, பெரும்பாலும் கூடத்தான் செய்யும். எல்இடி விளக்குகள் உள்ள அறையில் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு வாருங்கள், இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

வெளிச்சத்திலும் தூரம்தான் விளையாடும். சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கை) வரிசையின் ஒரு பக்கம் வைத்து, அருகில் இருப்பவர் 1 மீட்டரிலும் கடைசி ஆள் 2 மீட்டரிலும் இருந்தால், கடைசி ஆளுக்குக் கிடைப்பது கால் பங்கு வெளிச்சம். இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). அதையே பின்னுக்கு இழுத்து 3 மீட்டர், 4 மீட்டர் என்று ஆக்கினால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் கீழே இறங்கிவிடும். இதற்கு விலை உண்டு: ஃபிளாஷ் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் சக்தி தர வேண்டும், நிழலும் கடினமாகும். 150 செ.மீ. ஃபிளாஷ் குடை இருந்தால் அந்தக் கடினம் தணியும். விளக்கின் நடுவை வரிசையின் தூர முனைக்குத் திருப்பிவைப்பது செலவில்லாத உபாயம். அருகில் இருப்பவருக்கு விளிம்பு வெளிச்சம் மட்டும் படும், இரண்டு முனையும் சமமாகும். ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பலாம். சுவர் பச்சையோ ஆரஞ்சோ என்றால் அந்த நிறம் முகத்துக்கு வந்து சேரும்.

ஜன்னல் வெளிச்சமும் இதே விதிக்கு அடங்கியதே. ஜன்னலுக்குச் செங்குத்தாக வரிசையை நிறுத்தினால் ஒரு முனை வெளுத்து மறுமுனை இருட்டும். எல்லோரையும் ஜன்னலைப் பார்க்கவைத்து, நீங்கள் ஜன்னலுக்கு ஓரமாக முதுகைக் காட்டி நில்லுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள்: வெளியிலிருந்து 5500 கெல்வின், தலைக்கு மேலே 3000 கெல்வின் என்று கலந்துவிட்டால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். வெளியே எடுத்தால் கட்டடத்தின் நிழல் நல்லது. மரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழும் வெயில் பொட்டுகள் இருந்தால் வேறு இடம் பாருங்கள். தொடங்குமுன் ஒருவர் கையில் கிரே கார்டைக் (நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டையை) கொடுத்து ஒரு ஷாட் எடுத்துவிடுங்கள்.

எத்தனை படம் எடுப்பது? கண் சிமிட்டுவதற்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் போட்ட இந்தக் கணக்குக்கு 2006இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. இருபது பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கலான வெளிச்சத்தில் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நான்கு அல்லது ஆறு. எல்லோர் கண்ணும் திறந்த ஒரு படமாவது அதில் அநேகமாக நிச்சயம். சிரிப்பு, பார்வை, குழந்தையின் மூடு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆகவே அதைப்போல மூன்று மடங்கு எடுங்கள், ட்ரைபாடில், மேனுவல் எக்ஸ்போஷரில், ரா ஃபைலாக (சென்சார் பதிவை அப்படியே வைக்கும் கோப்பாக). பிறகு தலை மாற்ற (ஒரு ஷாட்டின் முகத்தை இன்னொன்றில் ஒட்ட) வேண்டி வந்தால் இந்த மூன்றும்தான் கைகொடுக்கும்.

எடிட்டிங்கில் முதல் வேலை கழிப்பது. ஒவ்வொரு முகமாக 100 சதவீதத்தில் பாருங்கள். அதிகம் பேர் நன்றாக இருக்கும் ஒரு ஃப்ரேமை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூமில் லென்ஸ் ப்ரொஃபைல், கிரே கார்டில் சொடுக்கி ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ் என்று வரிசையாகச் சரிசெய்து, அதே மாற்றங்களை மற்ற ஃப்ரேம்களுக்கும் சிங்க் செய்துவிட்டு அப்புறம் தலை மாற்றத்துக்கு வாருங்கள். முன்னதாகவே மாற்றினால் ஒட்டிய முகத்தின் டோன் தனியாகத் துருத்தும்.

தலை மாற்றம் ஃபோட்டோஷாப்பில் ஐந்து நிமிட வேலை. இரண்டு ஃப்ரேமையும் லேயராக ஏற்றி, இரண்டையும் தேர்ந்தெடுத்து ஆட்டோ-அலைன் கொடுங்கள். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (லேயரை மறைக்கும் திரை) போட்டு, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் வேண்டிய தலையை மட்டும் வெளிக்கொண்டுவாருங்கள். எல்லையை முடி, சட்டைக் காலர், தாடையின் கீழ் நிழல் ஆகியவற்றில் மறையுங்கள். கண்ணை மட்டும் எடுத்து ஒட்டாதீர்கள். இரண்டு ஷாட்டில் தலை இரண்டு டிகிரி திரும்பியிருந்தாலே பொம்மைக் கண்போல ஆகிவிடும். தலையோடு மாற்றுவதுதான் பாதுகாப்பு. கேமரா இடம் மாறியிருந்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவர்க்கோடு பொருந்தாமல் போகும், அங்கே எந்த அலைனும் உதவாது.

தோலைத் தொடும்போது கை கட்டுப்பட வேண்டும். பரு, கொசுக்கடி, வாயோரச் சாக்லேட் எல்லாம் ஹீலிங் பிரஷ்ஷுக்குப் போகலாம். மச்சமும் பழைய தழும்பும் அந்த மனிதருடையவை, அவர் கேட்டால் ஒழிய விட்டுவிடுங்கள். பாட்டியின் சுருக்கங்களைத் தனி லேயரில் நீக்கி, அதன் ஒப்பாசிட்டியை (லேயர் தெரியும் அளவை) 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர்போல இருப்பார்; 100இல் விட்டால் வேறு யாரோ. கிளாரிட்டியை எதிர்மறையில் இழுத்தால் மெழுகு பூசியதுபோல் ஆகும், டெக்ஸ்சரை மைனஸ் 10, 15 வைத்தால் போதும். தோலின் நிறத்தையும் இழையையும் தனித்தனியே பிரித்துத் திருத்தும் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்ற நுட்பத்தை எல்லா முகத்துக்கும் போட்டு நாளை வீணாக்குகிறவர்கள் உண்டு. 6000 பிக்சல் அகலத்தில் இரண்டரை மீட்டர் குடும்பம் இருக்கும்போது ஒரு முகத்துக்கு 360 பிக்சல்தான். 18 அங்குல அகலப் பிரிண்டில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். யாருக்குத் தெரியப்போகிறது?

நிறத்தைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்யாதீர்கள். முகத்தின் மேல் கர்சரை வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே சிவப்பு, பச்சை, நீல அளவுகள் வரும். எந்த நிறத் தோலானாலும் சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், பச்சை அடுத்து, நீலம் கடைசி. பச்சை சிவப்பை நெருங்கினால் புல்தரையின் நிறம் தாடைக்கு ஏறியிருக்கிறது. அங்கே மட்டும் மாஸ்க் போட்டு டின்ட்டை மஜென்டா பக்கம் சிறிது நகர்த்துங்கள். ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு நிறம் இருப்பது இயல்பு. வெளிச்சம் குறைவாக விழுந்த முகத்தைத் தூக்கலாம். கறுத்தவரைச் சிவந்தவருக்குச் சமமாக்குவது வேண்டாத வேலை.

கடைசியாக அளவு. சென்சார் 3:2, படச் சட்டங்களில் பல 8க்கு 10. அப்படி வெட்டினால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், எடுக்கும்போதே இரு பக்கமும் இடம் விட்டிருந்தால்தான் ஓரத்து ஆளின் தோள் தப்பும். 8க்கு 10 அங்குலத்துக்கு 2400க்கு 3000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிற வெளியில். பிரிண்ட் இருட்டாக வந்தால் லேபைத் திட்டுமுன் மானிட்டரைப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இல்லாமல் முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்திருந்தால் அப்படித்தான் வரும். பெரிய பிரிண்டுக்குக் கொடுப்பதற்கு முன் அதே ஃபைலில் சின்ன அளவு ஒன்றைப் போட்டுப் பார்த்து, தேவையென்றால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள்.