அம்மா குடுத்த சர்க்கரை செம்போட அழகரைப் பாக்கப் போனேன்

எங்க வீட்டுல கோடை எப்ப ஆரம்பிக்குதுன்னு காலண்டரைப் பாத்து யாரும் சொல்ல மாட்டாங்க, சித்திரை ஒண்ணாந்தேதி மாங்காப் பச்சடில வேப்பம்பூ போட்டுச் சாப்பிட்டாலும் சரி, சித்திரைத் திருவிழாவுல அழகர்கோயில் பெருமாள் அழகர் வைகை ஆத்துல இறங்குனாத்தான் எங்களுக்கு வெயில் காலம். எனக்குப் பொறந்த ஊரு மதுரை செல்லூர், கல்யாணமாகித் திருப்பூர் வந்து பல வருஷம் ஆச்சு, ஆனாலும் சித்திரை பொறந்தா காலு அங்கதான் இழுக்கும். 2020லயும் 2021லயும் கொரோனானால அழகர் ஆத்துக்கு வரவே இல்ல, எல்லாம் கோயிலுக்குள்ளயே முடிச்சுட்டாங்க, அந்த ரெண்டு வருஷமும் அம்மா அந்த நாள்ல சரியா சாப்பிடக்கூட இல்ல.

2024ல ஏப்ரல் 23ஆம் தேதி ஆத்துல இறங்குனாரு. அம்மாவுக்கு முட்டி வலி, அந்தக் கூட்டத்துல நிக்க முடியாது. அதனால முத தடவையா செம்பை என் கையில குடுத்துச்சு. பித்தளைச் செம்புல கழுத்து வரைக்கும் சர்க்கரை, மேல வாழை இலையை வட்டமா நறுக்கி வாயை மூடி நூலால இறுக்கிக் கட்டி, அது மேல சூடம் வெச்சு ஏத்தி அழகருக்குக் காட்டணும், அப்பறம் அந்தச் சர்க்கரையை எல்லாருக்கும் குடுக்கணும். "அவரு வெயில்ல அவ்வளவு தூரம் வாராரு, இனிப்பு காட்டாம இருக்கலாமா"ன்னு அம்மா சொல்லும். நெசந்தான், அழகர்கோயில்ல இருந்து மதுரை 20 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, கோயில் காவல்தெய்வம் பதினெட்டாம்படி கருப்பசாமிகிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டுக் கெளம்பி, கள்ளர் வேஷத்துல, வழியெல்லாம் சனங்க சாமியை எறக்கி வெச்சுப் பூசை பண்ற நூத்துக்கணக்கான மண்டகப்படில நின்னு நின்னு வரணும்ல.

ஆத்துல இறங்குறதுக்கு முந்துன நாள், ஊருக்குள்ள வர்ற அழகரை எதிர்கொண்டு வரவேக்குற எதிர்சேவைக்கு மூன்றுமாவடி பக்கம் போனோம். அன்னைக்குப் பாத்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ரோட்டுல ரெண்டு பக்கமும் தண்ணிப்பந்தல், நீர்மோரு, பானகம், ரோஸ்மில்க், தர்பூசணி, தொன்னைல புளியோதரை, யாரும் யாருன்னு கேக்கல, கையைப் புடிச்சு இழுத்துக் குடுக்குறாங்க. ஒரு பந்தல்ல ஒரு ஆச்சி பெரிய அண்டாவுல பானகம் கலக்கிட்டு இருந்துச்சு, வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, சுக்கையும் ஏலக்காயையும் அம்மியில நுணுக்கி அப்படியே கையால அள்ளிப் போட்டுச்சு. சுக்கு தொண்டையில இறங்குறப்ப லேசா எரியுது, அப்பறம் உடம்பே குளுந்து போகுது. கடையில வாங்குற எந்த ஜூஸுக்கும் இது வராதுங்க, நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அன்னைக்கு ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயில்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த ஆண்டாள் சூடுன மாலையை அழகர் போட்டுக்குவாரு. நாங்க தூங்கவே இல்ல, விடியறதுக்கு முன்னாடியே கோரிப்பாளையம் வழியா ஆழ்வார்புரம் பக்கம் போயி நின்னுட்டோம். என்ன கலர்ல பட்டு உடுத்தியிருக்காருன்னுதான் எல்லாருக்கும் பேச்சு, பச்சைன்னா அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும்னு நம்பிக்கை. "பச்சைதான் பச்சைதான்"னு முன்னாடி இருந்து சத்தம் வந்ததும் பக்கத்துல நின்ன கிராமத்துப் பெரியவர் ஒருத்தரு கையெடுத்துக் கும்பிட்டு அழுதுட்டாரு. தங்கக் குதிரை மேல அவரு ஆடி ஆடி வர்றப்ப நான் சூடத்தை ஏத்துனேன், காத்துல அணையப் பாத்துச்சு, அந்தப் பெரியவர்தான் தோள்ல கெடந்த துண்டை விரிச்சு மறைச்சாரு. "அணையாமப் பாத்துக்க தாயி"ன்னாரு. கோவிந்தா கோவிந்தான்னு சத்தம், செம்பு சுடுது, கை நடுங்குது, அம்மா பேரைச் சொல்லிக் காட்டிட்டேன்.

கள்ளழகர் கதையை அம்மா ரெண்டு விதமா சொல்லும். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோட வந்தவரு ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருச்சு, கோவிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வராம வண்டியூருக்குத் திரும்பிட்டாருங்கறது ஒண்ணு. இது சனங்க கதை, கோயில்ல பாத்தா திருக்கல்யாணத்துல தாரை வார்த்துக் குடுக்குறது திருப்பரங்குன்றத்துல இருந்து வர்ற பவளக்கனிவாய்ப் பெருமாள். இன்னொண்ணு துர்வாசர் சாபத்துல தவளையாப் போன மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்க வர்றாருங்கறது, அது மறுநாள் வண்டியூர் பக்கம் வைகை ஆத்துல இருக்குற தேனூர் மண்டபத்துல நடக்கும். முன்னாடி இந்த விழா சோழவந்தான் பக்கம் தேனூர்லதான் நடந்துச்சாம், மாசில நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாத்தி ரெண்டையும் திருமலை நாயக்கர் ஒண்ணாச் சேர்த்தாருன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தத் தவளைக் கதைதான் உசுரு. காஞ்சு கெடக்குற ஆத்தங்கரையில தண்ணிக்கு ஏங்கி ஒக்காந்திருக்கிற ஒரு தவளை, அதுக்காக மலையை விட்டு ஒரு சாமி எறங்கி வருதுன்னா பாத்துக்கங்க.

அப்பறம் தண்ணி பீய்ச்சுறவங்க. விரதம் இருந்து, தலையில குல்லா, கால்ல சலங்கை, தோள்ல ஆட்டுத்தோல் பை, அதுல தண்ணியை நெரப்பிக் குழாய் வழியா விசிறி அடிக்கிறாங்க, சாமிக்குச் சூடு தணியணும்னு. ராமராயர் மண்டபத்துக்கிட்ட என் மேலயும் பட்டுச்சு, அந்த வெயில்ல அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல, நின்ன எடத்துலயே கண்ணை மூடிட்டேன்.

வழியில கேட்டவங்களுக்கெல்லாம் சர்க்கரையைக் குடுத்துக்கிட்டே வீடு வந்து சேர்றப்ப மணி மூணு. செம்புல பாதி மிச்சம். அம்மா இலையைத் தடவிப் பாத்துச்சு, சூடம் எரிஞ்ச எடத்துல கருகி ஓட்டை விழுந்திருந்துச்சு, சர்க்கரை மேல கொஞ்சம் கரி. அதைத் தட்டி எடுக்கலாம்னு போனேன், அம்மா விடல. அப்படியே குடத்துத் தண்ணில கொட்டிக் கரைச்சு, பத்து எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு, முட்டியைப் புடிச்சுக்கிட்டே வாசப்படில ஒக்காந்து, ஊருக்கு நடந்து போறவங்களுக்கு டம்ளர்ல ஊத்திக் குடுக்க ஆரம்பிச்சிருச்சு.