செதில் போட்ட கோடு

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு, நான் இடியாப்பத் தட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து, பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுக்கிற ஜெராக்ஸ் தாளிலெல்லாம் நட்ட நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுகிறதாம். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காக எடுத்த ரேஷன் அட்டை நகலும் வங்கிப் புத்தக நகலும் யாரோ அடித்துவிட்டதுபோல் இருப்பதாகச் சொல்லி, அலுவலகத்தில் அத்தனையையும் திருப்பிவிட்டார்களாம். பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் கோடு வருகிறதா என்று கேட்டேன். "கண்ணாடியெல்லாம் துடைச்சாச்சு தம்பி, நீ கிளம்பி வா" என்றார். நான் கேட்டது அதுவல்ல. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கண்ணாடி துடைக்கப்பட்டே இருந்தது.

ஒரே கம்பெனியின் இயந்திரங்களை மட்டும் பார்க்கிற மெக்கானிக் கொடுத்துவைத்தவர். நானோ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானவன். மைப்பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடேறவில்லை என்ற ஒரே நோயை ரிக்கோ 'எஸ்.சி.' என்று தொடங்கும் எண்ணாலும், கேனான் 'ஈ' என்று தொடங்கும் எண்ணாலும், க்யோசெரா 'சி' என்று தொடங்கும் எண்ணாலும் சொல்லும். சர்வீஸ் மெனுவுக்குள் நுழைய ரிக்கோவில் 107 அழுத்த வேண்டும், க்யோசெராவில் 10871087 அழுத்த வேண்டும். இவையெல்லாம் என்னை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். வீட்டுக்காரியின் கைபேசி எண் மட்டும் வராது. சென்ற மாதம் வங்கிப் படிவத்தில் அந்த இடத்தில் நான் எட்டு இலக்கத்தில் எதை எழுதிக் கொடுத்தேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள் என்பதால் அதைக் கிளற விரும்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும், மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஜெராக்ஸ் கடை" என்று முடித்துவிடுகிறார் மாமனார்.

ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். பாலத்தில் ஏறியதும் காற்று என்னையும் வண்டியையும் கருவிப் பையையும் தனித்தனியாகப் பிரித்துவிடப் பார்த்தது. கீழே, 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் இந்த உப்புக் காற்றோடு நூறு ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டி ஓய்ந்துவிட, பக்கத்தில் 2025-ல் புதியது வந்து நிற்கிறது. ரயில் பாலத்துக்கே அந்தக் கதி என்றால், அரிசி மூட்டை உயரத்தில் இருக்கும் ஜெராக்ஸ் இயந்திரம் எம்மாத்திரம்! செஸ்டர் கார்ல்சன் என்ற மனிதர் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, அதன் மேல் பொடியைத் தூவி உலகின் முதல் ஜெராக்ஸை எடுத்தார். அவர் மட்டும் ஐப்பசி மழையில் பாம்பனில் உட்கார்ந்து அதைத் தேய்த்திருந்தால், இந்த ஈரக்காற்றில் மின்னேற்றம் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கசிந்து போயிருக்கும். நாமெல்லாரும் இன்றைக்கும் கார்பன் தாளை வைத்து எழுதிக்கொண்டிருப்போம்.

கடைக்குள் நுழைந்து மூடியைத் தூக்கிய மறுகணமே நோய் தெரிந்துவிட்டது. பெரிய கண்ணாடியை அக்கா முகம் தெரியுமளவுக்குத் துடைத்திருந்தார். அதன் இடப்பக்கம் விரல் அகலத்தில் இன்னொரு கண்ணாடி இருக்கிறதே, மேலே அடுக்கிய தாள்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஓடும் இடம், அதை இந்தக் கடற்கரையில் யாரும் துடைப்பதில்லை. அங்கே விளக்கு நின்ற இடத்தில் நிற்கும், தாள்தான் ஓடும். ஆகவே கண்ணாடியில் ஒரு புள்ளி ஒட்டியிருந்தால் அது தாளில் தலைமுதல் கால்வரை கோடாகிவிடும். அந்தப் புள்ளி, காய்ந்துபோன ஒரு மீன் செதில். யாருடைய ரேஷன் அட்டையோடோ வந்து இறங்கியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பத்து விநாடி வேலை.

என் சங்கடம் இங்கேதான் ஆரம்பித்தது. தொழிலுக்கு வந்த புதிதில், உச்சிப்புளியில் ஓர் இயந்திரத்தைப் பத்து விநாடியில் சரிசெய்துவிட்டு, "இதுக்கா காசு?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு பெட்ரோலுக்கும் வழியில்லாமல் திரும்பியவன் நான். டீ வருவதற்கு முன்னால் எந்த இயந்திரமும் சரியாகக் கூடாது என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரின் முதல் பாடம். ஆகவே செதிலைப் பார்க்காதவன்போல் முன்கதவைத் திறந்தேன், டோனரை எடுத்தேன், பிம்பம் பதியும் உருளையான டிரம்மை வெளியே உருவினேன், பிரஷ்ஷால் அங்குமிங்கும் தட்டினேன், இரண்டு முறை பெருமூச்சு விட்டேன். டிரம்மைக் கைக்குழந்தைபோல் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு வாய் வலிக்கச் சொல்பவன் நான். முக்கால் மணி நேரம் இப்படி அறுவைச் சிகிச்சை நடத்தி, எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான், மிகுந்த யோசனையோடு அந்தச் செதிலைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

காட்டியிருக்கக் கூடாது. நிவாரணப் படிவத்தோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, சூடைச் செதில் என்றார். பக்கத்தில் இருந்தவர், பேச்சாளை என்றார். மூன்றாமவர் இருவரும் கடலுக்குப் போய் எத்தனை வருடமாயிற்று என்று விசாரித்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் வேலையில்லை என்பதால் எவருக்கும் எந்த அவசரமும் இல்லை. என் முக்கால் மணி நேர உழைப்பைப் பற்றி ஒரு சொல் பேசாதவர்கள், அந்தச் செதிலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அக்கா, "ஒரு செதிலுக்கு நானூறு ரூபாயா தம்பி?" என்று கேட்டு, இருநூறு ரூபாயையும், நாட்டுப்படகில் வந்த விளமீன் ஒன்றைப் பையில் போட்டும் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கச் சொன்னார். தடைக்காலத்தில் விளமீன் விற்கிற விலைக்கு, உண்மையில் நான்தான் அவருக்கு மீதி கொடுத்திருக்க வேண்டும். கிளம்பும் அவசரத்தில் ஒரே ஒரு தாளை ஓட்டி, கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்; இல்லை.

மீன் அருமையாக இருந்தது. மாமியாரே குறை சொல்லவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தபோது பாம்பனிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. கோடு போய்விட்டதாம். ஆனால் ஒவ்வொரு தாளிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் மங்கலாகக் கைநாட்டு வைத்ததுபோல் ஏதோ விழுகிறதாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 94 மில்லிமீட்டர்; அதில் ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் பட்டால், ஏ4 தாளில் அது சரியாக மூன்று முறை விழும். உருவ வேண்டிய தேவையே இல்லாத டிரம்மை உருவி, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் கட்டைவிரல் அதில் பதிந்திருக்கிறது.

இன்று காலை முதல் வேலையாக மறுபடியும் பாலம் ஏற வேண்டும். இந்த முறை காசு கேட்க முடியாது. சரி, அந்த மீனையாவது திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். முள்ளைத்தான் கொடுக்க வேண்டும் என்றாள்.