மூச்சுக்கா, அழகுக்கா?

இந்த நெஞ்சு ஆபரேஷன் விஷயமா யார்கிட்ட போய் நின்னாலும் மொதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான். டாக்டர், இன்சூரன்ஸ் டெஸ்க், ஆபீஸ் ஹெச்ஆர், எங்க அம்மா, எல்லாருக்கும் அதே டவுட்டு. "மூச்சு வாங்குதுன்னு பண்ணிக்கப் போறியா, இல்ல பாக்க நல்லா இல்லைன்னா?" ரெண்டும்தாங்கன்னு சொன்னா யாருக்கும் திருப்தியே இல்ல, ஏதோ நான் மழுப்புற மாதிரி ஒரு பார்வ பாக்குறாங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். எனக்கு இருக்கறது பெக்டஸ் எக்ஸ்கவேட்டம். நெஞ்சு நடுவுல இருக்கற எலும்பு முதுகெலும்ப பாத்து உள்வாங்கிப் போயிருக்கு. அந்த எலும்பையும் விலா எலும்பையும் சேக்குற குருத்தெலும்பு கோணல்மாணலா வளர்றதால வருதுன்னு சொல்றாங்க, அது ஏன் அப்படி வளருதுங்கறது இன்னும் முழுசா புடிபடல. பெரிய அபூர்வமெல்லாம் இல்ல, 300, 400 குழந்தைங்கள்ல ஒண்ணுக்கு இருக்கும்ங்கறாங்க, பசங்களுக்குத்தான் ஜாஸ்தி. நெஞ்சு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற வகை ஒண்ணு இருக்கு, கேரினேட்டம்னு பேரு, அதுக்கு வளர்ற வயசுல பிரேஸ் கட்டி மெதுவா அமுக்கியே சரி பண்ண முடியுது. உள்ள போனத வெளிய இழுக்கறதுதான் பாடு.

சின்ன வயசுல எனக்கு லேசாத்தான் இருந்துச்சு. தீபாவளிக்கு ஆயா என்னைய பழைய புடவ மேல மல்லாக்க படுக்க வச்சு எண்ணெய் தேய்க்கும், நல்லெண்ணெய் நேரா போய் நெஞ்சு நடுவுல தேங்கி நிக்கும், ஆயா காலுக்கு தேய்க்க எண்ணெய் வேணும்னா அங்கேருந்தே ரெண்டு விரல்ல தொட்டு எடுத்துக்கும். "எம்பேரனுக்கு சாமி கிண்ணத்தையும் சேத்து வச்சுல்ல அனுப்பிருக்கு"ன்னு சொல்லி சிரிக்கும். எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு, தம்பிக்கு இல்லாத ஒண்ணு எனக்கு இருக்குதுல்ல. எட்டாவது ஒம்பதாவது படிக்கறப்ப சரசரன்னு உயரமானேன் பாருங்க, அப்பதான் குழி ஆழமாச்சு. பெக்டஸ் இருக்கற முக்கால்வாசி பேருக்கு கத இதேதான், வளர்ற வயசுல வேகமா மோசமாகும்.

நாங்க இருக்கறது ஹலசூரு பக்கம் கௌதமபுரம். பெங்களூர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், தெருவுல பெலேவுக்கு செல வச்சிருக்கற ஏரியா, ஃபுட்பால் உதைக்காத பையனே கெடையாது. ரெண்டு டீம் பிரிச்சா ஒரு டீம் சட்டைய கழட்டிடணும், அதான் யூனிஃபார்ம். நான் எந்த டீம்ல இருந்தாலும் கோல்கீப்பர் ஆயிடுவேன், கீப்பர் சட்ட போட்டுக்கலாம்ல. இதுல இன்னொரு வசதியும் இருந்துச்சு, ஓட வேணாம். ரெண்டு மூணு தடவ மைதானத்த குறுக்க ஓடுனாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், காத்து உள்ள போகுது ஆனா பத்தல அப்படிங்கற மாதிரி. அப்ப நான் கீப்பர் ஆனது சட்டைக்காகவா, மூச்சுக்காகவா? இன்சூரன்ஸ்காரங்க கேட்டா நான் என்னத்த சொல்ல.

திருச்செந்தூர் தனி. அங்க ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், டீ ஷர்ட்டோட நீச்சல் குளத்துல எறங்குற வித்தையெல்லாம் முருகன்கிட்ட நடக்காது. காலேஜ் முடிச்ச வருஷம் சொந்தக்காரங்க மொத்தமா போனோம், துண்ட நெஞ்சு மேல குறுக்க போட்டு ஒரு கையால புடிச்சுக்கிட்டே கியூல நின்னேன். முன்னாடி நின்ன பெரியவர் ஒருத்தர் திரும்பி பாத்து, துண்டு வெலகுன எடத்தையே உத்துப் பாத்து, "என்ன தம்பி, ஆபரேஷனா?"ன்னாரு. இல்லங்க பொறப்புலேருந்தேன்னேன். "ஓ" அப்படின்னு சொல்லிட்டு திரும்பிக்கிட்டாரு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் நடக்கல. ஆனா தரிசனம் நடந்துச்சா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

ஜிம் பத்தி ஒரு வரி. "செஸ்ட் பிரெஸ் அடி, ஆறு மாசத்துல மூடிக்கும்"னு எந்த டிரெய்னராவது சொன்னா காசக் குடுத்துடாதீங்க. சதை ஏறும், கூன் கொஞ்சம் நிமிரும், அதெல்லாம் நல்லதுதான், ஆனா எலும்பு அதே எடத்துலதான் இருக்கும்.

இப்ப ஏன் ஆபரேஷன் யோசன வந்துச்சுன்னா, மெட்ரோ ஸ்டேஷன் படி. லிஃப்ட் ரிப்பேர்னா மேல ஏறி நிக்கறதுக்குள்ள பேச முடியாம போகுது, எனக்கு இன்னும் முப்பதே முடியல. சர்ஜன்கிட்ட போனேன். அவரு என் நெஞ்ச பாக்கறதுக்கு முன்னாடி கையத்தான் பாத்தாரு. கட்டைவிரல உள்ள மடக்கி முஷ்டி புடிங்கன்னாரு, விரல் அந்தப்பக்கம் வெளிய நீட்டுதான்னு பாக்க. அப்புறம் ஒரு கை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வச்சு இன்னொரு கை மணிக்கட்ட சுத்தி புடிக்கச் சொன்னாரு. ஒல்லியா உயரமா இருந்து நெஞ்சும் இப்படி இருந்தா மார்ஃபன் சிண்ட்ரோம்ங்கற பரம்பரை நோய் இருக்கலாம், அதுல மகாதமனி, அதாவது இதயத்துலேருந்து கெளம்பற பெரிய ரத்தக்குழாய், வீங்கற ஆபத்து உண்டு, அதனால எக்கோங்கற இதய ஸ்கேன் எடுக்காம மேல பேசமாட்டேன்னுட்டாரு. எக்கோல மகாதமனி சரியா இருந்துச்சு, விரலும் நீட்டல. இதயம் மட்டும் இடப்பக்கம் நகந்து போய், வலது அறை எலும்புக்கு அடியில கொஞ்சம் அமுங்கி இருக்குன்னு ரிப்போர்ட்.

அடுத்து சிடி. அதுல ஹாலர் இண்டெக்ஸ்னு ஒரு கணக்கு. நெஞ்சுக்கூட்டோட உள் அகலத்த, எலும்பு ரொம்ப உள்ள போயிருக்கற எடத்துல அதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல இருக்கற தூரத்தால வகுக்கணும். சாதாரணமா 2.5 கிட்ட வரும், 3.25 தாண்டுனா ஆபரேஷன் பத்தி பேசலாம்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. எனக்கு அகலம் 27.3 செ.மீ, அந்த தூரம் 6.9 செ.மீ. வகுத்துப் பாத்தா 4 கிட்ட வருது. ஏழு சென்டிமீட்டர் கூட இல்ல, அதுக்குள்ளதான் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு இத்தன வருஷமா ஓடிருக்கேன். அந்த நம்பர பாத்தப்ப வருத்தம் வரல, உண்மைய சொல்லணும்னா ஒரு நிம்மதி, நான் சோம்பேறி இல்லன்னு யாரோ எழுதிக் குடுத்த மாதிரி.

ஆனா நுரையீரலுக்கு எடுக்கற ஊதற டெஸ்ட் நார்மல். உக்காந்துக்கிட்டு ஊதுனா நார்மலாத்தான் வரும், நெறைய பேருக்கு அப்படித்தான்னாரு டாக்டர். ஓடும்போது இதயம் விரிஞ்சு ரத்தம் நெரப்ப எடம் பத்தாம போறதுதான் பிரச்சனைன்னா அது ஊதறதுல எப்படி தெரியும்? அதுக்கு மாஸ்க் மாட்டிக்கிட்டு சைக்கிள் மிதிக்கற டெஸ்ட் இருக்கு, சிபெட்னு சொல்றாங்க, எவ்வளவு ஆக்சிஜன் இழுக்க முடியுதுன்னு நேரா அளக்கும். அத எழுதிக் குடுத்திருக்காரு.

ஆபரேஷன் பேரு நஸ். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல டொனால்ட் நஸ்னு ஒரு டாக்டர் 1987ல ஆரம்பிச்சது, பத்து வருஷ அனுபவத்த வச்சு 1998ல வெளியிட்டாரு. அதுக்கு முன்னாடி 1949லேருந்து ராவிட்ச் முறைதான், நெஞ்சு முன்னாடி கிழிச்சு, கோணலான குருத்தெலும்ப வெட்டி எடுத்து, எலும்ப தூக்கி வைக்கறது. நஸ்ல முன்னாடி வெட்டே கெடையாது. ரெண்டு அக்குளுக்கு கீழ சின்னதா கிழிச்சு, கேமரா விட்டு, வில்லு மாதிரி வளைச்ச இரும்புக் கம்பிய எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவுல நுழைச்சு அந்தப்பக்கம் எடுப்பாங்க. நுழைக்கறப்ப வளைவு முதுக பாத்து இருக்கும். அப்புறம் ரெண்டு முனையையும் புடிச்சு அப்படியே திருப்புவாங்க, எலும்பு மேல எழும்பிடும். அந்த திருப்புற வீடியோவ நான் பாத்தேன். பாக்காதீங்க. கம்பி ரெண்டு மூணு வருஷம் உள்ளயே இருக்கும், அப்புறம் இன்னொரு சின்ன ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்.

பன்னெண்டு பதினஞ்சு வயசுல பண்ணா எலும்பு வளைஞ்சு குடுக்கும். என் வயசுக்கு அநேகமா ரெண்டு கம்பி, வலியும் ஜாஸ்தின்னாரு. இப்ப விலா நரம்புகள ஆபரேஷன் டைம்லயே உறைய வச்சுடறாங்க, கிரையோன்னு சொல்றாங்க, சில மாசம் நெஞ்சு மரத்துப் போயிருக்கும், அதுக்குள்ள வலி தாண்டிடும். கம்பி எடம் மாறலாம், இன்ஃபெக்ஷன் ஆகலாம், நிக்கல் அலர்ஜி இருந்தா டைட்டானியம் கம்பி போடணும், ரொம்ப அபூர்வமா இதயத்துலயே குத்திடறதும் நடந்திருக்கு. எல்லாத்தையும் சொன்னாரு, மறைக்கல. மூச்சு கண்டிப்பா கூடும்னு கேரண்டியும் தரமாட்டேன்னுட்டாரு. எனக்கு அந்த ஆளப் புடிச்சதே அதனாலதான். உறிஞ்சி இழுக்கற வாக்யூம் பெல் பத்தியும் கேட்டேன். ஜெர்மனியில இதே பிரச்சனை இருந்த ஒரு இன்ஜினியர் தனக்காக செஞ்சுக்கிட்டது அது, ஆழம் கம்மியா இருக்கற சின்னப் பசங்களுக்கு நல்லா வேல செய்யும், உங்க நெஞ்சு இறுகிப் போச்சுன்னாரு.

இப்ப வாங்க இன்சூரன்ஸுக்கு. எஸ்டிமேட் நாலு லட்சத்துக்கு மேல, கம்பி எடுக்கறது தனி. ஆபீஸ் பாலிசில போடலாம்னு ஆஸ்பத்திரி டெஸ்க்ல உக்காந்தா, அந்தப் பையன் கம்ப்யூட்டர பாத்துக்கிட்டே "சார் இது எக்ஸ்டர்னல் கன்ஜெனிட்டல் வரும்"ங்கறான். அதாவது பிறவிக் குறை ரெண்டு வகை, வெளிய கண்ணுக்கு தெரியற எடத்துல இருந்தா எக்ஸ்டர்னல், தெரியாட்டி இன்டர்னல். எக்ஸ்டர்னல்னா பல பாலிசில கெடையாது. குரு, எலும்பு வெளிய தெரியுது சரி, அது அமுக்கற இதயம் எங்க இருக்கு? சட்டப்பைலயா? இது போதாதுன்னு தோற்றத்த மாத்தற சிகிச்சைக்கு காசு இல்லன்னு இன்னொரு விதி. மருத்துவ ரீதியா அவசியம்னு, உடம்புக்கு நேரடி ஆபத்த நீக்கறதுக்குன்னு டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்தா விதிவிலக்கு. ஆகவே லெட்டர்ல அழகுங்கற பேச்சே வரக்கூடாது, மூச்சு, இதயம், அந்த ஹாலர் நம்பர் மட்டும் வரணும். நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல இது, இங்கிலாந்துலயே அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ் 2019ல பலனுக்கு ஆதாரம் போதலன்னு இந்த ஆபரேஷன வழக்கமா பண்றத நிறுத்திடுச்சு.

சரி லெட்டர் அப்படியே எழுதிக்கட்டும், ஆனா எனக்குள்ள நான் அப்படி பிரிச்சுக்க மாட்டேன். படியில மூச்சு வாங்க வைக்கறதும் கியூல துண்ட புடிச்சுக்க வைக்கறதும் ஒரே எலும்பு. முட்டி கோணலா இருந்து ஆபரேஷன் பண்ணிக்கறவர்கிட்ட நடக்கறதுக்கா நேரா தெரியறதுக்கான்னு யாராவது கேக்கறாங்களா? நல்ல சட்ட போட்டுக்கணும்னு ஆசப்படறது கேவலமான ஆச மாதிரி நாமளும் குரல தாழ்த்திக்கிட்டே பேசறோம். எனக்கு டைட்டா ஒரு டீ ஷர்ட் போடணும். போட்டுக்கிட்டு ஓடணும்.

அம்மாவுக்கு வேற கவல. "கல்யாணத்துக்கு முன்னாடி வேணாம்டா, நெஞ்சுல கம்பி வச்சிருக்கான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்"ங்குது. கம்பி இல்லாம குழியோட இருந்தா குடுப்பாங்களான்னேன், "அது சட்டைக்குள்ள இருக்கு, யாருக்கு தெரியும்"ங்குது. ஆக எங்க வீட்டு பாலிசிலயும் வெளிய தெரியறது தெரியாததுன்னு பிரிவு இருக்கு. கடைசில பொங்கலுக்கு அப்புறம்னா சரின்னு எறங்கி வந்திருக்கு, மூணு மாசம் கனம் தூக்கக்கூடாதுன்னு சொன்னதும் சிலிண்டர யார் மாத்தறதுன்னு அடுத்த பிரச்சனைய எடுத்துக்கிச்சு.

அப்பா பேசவே இல்ல. அவருக்கும் இருக்கு, என் அளவுக்கு ஆழமில்ல. பெக்டஸ் இருக்கறவங்கள்ல பத்துல நாலு பேருக்கு குடும்பத்துல இன்னொருத்தருக்கும் இருக்குமாம். "நான் முப்பது வருஷம் ஷிஃப்ட் பாக்கலையா, செத்தா போயிட்டேன்?" இதான் அவரோட ஒரே டயலாக். போன வாரம் சிபெட்டுக்கு டேட் வாங்கிட்டு வந்தப்ப டாக்டர் உங்களையும் ஒரு எக்கோ எடுத்துப் பாக்கச் சொன்னாருப்பான்னு சொன்னேன், கத்துவாருன்னு நெனச்சேன். பேப்பர மடிச்சு வச்சுட்டு, "சட்டைய கழட்டணுமா?"ன்னாரு.

கழட்டணும்ப்பான்னேன். அப்ப காலைலயே போயிடலாம், கூட்டம் இருக்காதுன்னாரு.