அரை நூற்றாண்டு செனட்டர்கள்

அமெரிக்க செனட்டில் அதிக காலம் இருந்தவர்கள் பட்டியலில் முதல் இடம் ராபர்ட் பைர்டுக்கு. மேற்கு வர்ஜீனியாக்காரர். 1959 ஜனவரி 3 அன்று செனட்டராக உள்ளே வந்தவர், 2010 ஜூன் 28 அன்று 92 வயதில் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார். 51 வருஷம், அதற்கு மேல் கிட்டத்தட்ட ஆறு மாதம். ஐசன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்தபோது வந்து, ஒபாமா காலத்தில் போயிருக்கிறார். இந்தப் பட்டியலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "வயசானவங்க கூடாரம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே அனுப்புகிறார்கள், யாரும் பட்டம் சூட்டி உட்கார வைக்கவில்லையே, அப்படியானால் ஒரே ஆளை ஏன் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

பதில் சீனியாரிட்டி. செனட்டில் யார் எந்தக் குழுவுக்குத் தலைவர், யாருக்கு எந்த அலுவலக அறை என்பது வரைக்கும் பெரும்பாலும் யார் முன்னால் வந்தார் என்பதை வைத்துத்தான். பெரும்பான்மைக் கட்சியில் மூத்தவர் யாரோ அவர்தான் வழக்கப்படி செனட்டின் இடைக்காலத் தலைவர்; துணை ஜனாதிபதி, பிரதிநிதிகள் சபைத் தலைவர், அதற்கு அடுத்து நாட்டின் ஜனாதிபதி பதவிக்கு வரிசையில் நிற்பவர் அவர். ஆக, பழைய ஆளைத் தோற்கடித்துப் புது ஆளை அனுப்பினால் அந்த மாநிலம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இது வாக்காளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதில் நாள் கணக்குகூட முக்கியம். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள், அதில் முன்னால் வந்தவர் மூத்த செனட்டர், மற்றவர் இளைய செனட்டர். ஹவாயின் டேனியல் இனோவே 2012 டிசம்பர் 17 அன்று இறந்தார். அவர் இடத்துக்கு ஆளுநர் நியமித்த பிரையன் ஷாட்ஸ் டிசம்பர் 27 அன்றே பதவியேற்றுவிட்டார். அதே மாநிலத்திலிருந்து தேர்தலில் ஜெயித்த மேஸி ஹிரோனோ ஜனவரி 3 அன்றுதான் பதவியேற்றார். அந்த ஒரு வார வித்தியாசத்தில் இன்றைக்கும் ஹவாயின் மூத்த செனட்டர் ஷாட்ஸ்தான். தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் கதை இன்னும் நீளம். 1966ல் செனட்டுக்கு வந்தவர், 2003 வரை, 36 வருஷம் அந்த மாநிலத்தின் இளைய செனட்டர் என்றே அழைக்கப்பட்டார், ஏனென்றால் அவருக்கு முன்னால் ஸ்ட்ராம் தர்மாண்ட் இருந்தார், அவர் போகவே இல்லை.

சரி, பைர்டுக்கு வருகிறேன். மேற்கு வர்ஜீனியா நிலக்கரியை நம்பியிருந்த சிறிய, ஏழை மாநிலம். பைர்டும் அந்தச் சுரங்க ஊர்களில்தான் வளர்ந்தார். அம்மா 1918ல் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோக, அத்தை வீட்டில் வளர்ந்து, இறைச்சிக் கடையிலும் கப்பல் கட்டும் இடத்திலும் வேலை பார்த்தவர். 1989ல் அவர் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானதும் நெடுஞ்சாலைகள், மத்திய அரசு அலுவலகங்கள், ஆய்வுக்கூடங்கள் என்று மாநிலத்துக்குப் பணம் வந்து குவிந்தது. எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பிரிவே கிளார்க்ஸ்பர்க் நகருக்கு வந்தது. கிரீன் பேங்கில் இருக்கும் பெரிய ரேடியோ தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான். மத்திய அரசுப் பணத்தை வீணாக்குகிறார் என்று வெளியே இருந்தவர்கள் திட்டினார்கள். அந்த மாநில மக்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்தான், அவர்களுக்கும் இரண்டு செனட்டர்தான். சின்ன மாநிலத்துக்கு செனட்டில் மூத்தவராக ஒருவர் இருப்பதைவிடப் பெரிய பலம் வேறு எது? அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ், ஹவாயின் இனோவே, இவர்களும் அதே நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர்களாக இருந்தவர்கள்தான். தற்செயல் இல்லை.

இதுவரை படித்தால் சீனியாரிட்டி ஏழை மாநிலத்துக்குக் கிடைத்த வரம் மாதிரித் தெரியும். ஆனால் இதே விதிதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமையைப் பல வருஷங்கள் முடக்கி வைத்தது. தென் மாநிலங்களில் அப்போது ஒரே கட்சிதான், ஜனநாயகக் கட்சி. கறுப்பினத்தவரை ஓட்டுச்சாவடிப் பக்கமே விடுவதில்லை. போட்டியே இல்லாததால் ஒருமுறை ஜெயித்தவர் ஆயுசுக்கும் ஜெயித்தார். ஆயுசுக்கும் ஜெயித்ததால் சீனியாரிட்டி, சீனியாரிட்டியால் குழுத் தலைமை. மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட் 1956 முதல் 1978 வரை நீதித்துறைக் குழுவின் தலைவர். குடிமை உரிமை மசோதாக்கள் அந்தக் குழுவுக்குள் போனால் பெரும்பாலும் வெளியே வராது. ஓட்டுரிமை பறிக்கப்பட்டவர்களின் ஓட்டில்லாமல் ஜெயித்தவர், அந்த ஓட்டுரிமைக்கான சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

தர்மாண்ட் 1948ல் இனப்பிரிவினையைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி ஜனாதிபதி தேர்தலில் நின்று நான்கு மாநிலங்களில் ஜெயித்தவர். 1957ல் குடிமை உரிமைச் சட்டத்தை ஓட்டுக்கு வரவிடாமல் இழுத்தடிக்க 24 மணி நேரம் 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். சட்டம் நிறைவேறியது, அது வேறு. அந்தச் சாதனையை 2025ல் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர் 25 மணி நேரத்துக்கும் மேல் பேசி முறியடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. தர்மாண்ட் பதவியில் இருக்கும்போதே, 2002 டிசம்பரில், 100 வயதைத் தொட்டார். அந்தப் பிறந்தநாள் விழாவில் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த டிரென்ட் லாட், 1948ல் இவர் ஜெயித்திருந்தால் நாட்டுக்கு இவ்வளவு பிரச்சினை வந்திருக்காது என்கிற மாதிரிப் பேசி, அதனாலேயே கட்சித் தலைமையை இழந்தார். அடுத்த வருஷம் தர்மாண்ட் இறந்த பிறகுதான், அவருக்கு இளம் வயதில் வீட்டுவேலை செய்த கறுப்பினப் பெண்ணிடம் பிறந்த ஒரு மகள் உண்டு என்பது வெளியே வந்தது.

பைர்டும் சுத்தமானவர் இல்லை. 1940களில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்தவர். 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக 14 மணி நேரத்துக்கு மேல் பேசியவர். செனட்டுக்கு வந்த முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நியமனத்தையும் இரண்டாவதையும், அதாவது தர்குட் மார்ஷல், கிளாரன்ஸ் தாமஸ் இருவரையுமே எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே செனட்டர் அவர்தான். ஆனால் கிளானில் சேர்ந்தது தப்பு என்று பிற்காலத்தில் அவர் வாய்விட்டே, திரும்பத் திரும்பச் சொன்னார். 2008ல் ஒபாமாவுக்கு ஆதரவு கொடுத்தார். இதெல்லாம் அரசியலுக்காக என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2008ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒபாமாவை ஆதரித்து ஒரு ஓட்டுகூட லாபம் கிடையாது.

நீண்ட காலம் இருப்பதில் ஒரு நன்மை உண்டென்றால் அது ஞாபகம். 1964ல் டோங்கின் வளைகுடா தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு, அப்போதைய ஜனாதிபதி ஜான்சனுக்கு வியட்நாம் போருக்கு வழிவிட்டவர்களில் பைர்டும் ஒருவர். 2002ல் ஈராக் போருக்கு அனுமதி கேட்டு வந்தபோது, அன்று அவசரப்பட்டு ஓட்டுப் போட்டதற்கு இன்றும் வருந்துகிறேன் என்று சபையில் எழுந்து சொன்னார். 77 பேர் ஆதரவு, 23 பேர் எதிர்ப்பு. அந்த 23 பேரில் பைர்ட், இனோவே, எட்வர்ட் கென்னடி மூவரும் இருந்தார்கள். இனோவே இத்தாலியில் 1945ல் போரில் வலது கையை இழந்தவர். போர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் முதல்முறையாக வந்த செனட்டர்களுக்கு இந்த ஞாபகம் எங்கிருந்து வரும்?

அப்புறம், எப்போது போவது என்ற கேள்வி. கென்னடி மூளைப் புற்றுநோயோடு பதவியில் தொடர்ந்தார், 2009 ஆகஸ்டில் இறந்தார். அந்த இடத்துக்கு 2010 ஜனவரியில் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி ஜெயித்து, அவர் வாழ்நாள் முழுக்கப் போராடிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே கவிழும் நிலைக்கு வந்தது. டயான் ஃபைன்ஸ்டீன், அதுவரை பெண்களில் அதிக காலம் செனட்டில் இருந்தவர், 2023ல் உடல்நலம் இல்லாமல் சில மாதங்கள் வராததால் நீதிபதி நியமனங்கள் குழுவிலேயே தேங்கின. அந்த செப்டம்பரில் 90 வயதில், பதவியிலேயே இறந்தார். அவர் செய்த பெரிய வேலைகளைவிட அந்தக் கடைசி மாதங்கள்தான் பலருக்கு நினைவில் நிற்கிறது, அது எனக்கு வருத்தம். வெர்மான்ட்டின் பேட்ரிக் லேஹி மட்டும் 48 வருஷம் முடித்து 2023 ஜனவரியில் தானாக விலகினார். இனோவேவுக்கு அடுத்து மூன்றாவது இடம் அவருக்கு. அதிகாரத்தின் உச்சத்தில், நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருக்கும்போதே கிளம்பினார் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். மாநிலங்கள் வைத்தும் பார்த்தன. 1995ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அது செல்லாது என்றது. அரசியல் சாசனத்தைத் திருத்தினால்தான் முடியும், அதற்கு இந்த செனட்டர்களே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்றைக் குடியரசுக் கட்சி ஏற்கெனவே செய்திருக்கிறது: ஒரு குழுவுக்கு ஒருவர் ஆறு வருஷம்தான் தலைவர். அயோவாவின் சக் கிராஸ்லி, 1933ல் பிறந்தவர், 1981 முதல் செனட்டில் இருப்பவர், நிதிக் குழுவுக்கும் நீதித்துறைக் குழுவுக்கும் மாறி மாறிப் போனதற்கு இந்த விதியும் ஒரு காரணம். ஜனநாயகக் கட்சியில் அப்படி ஒரு வரம்பு இல்லை. அங்கேயும் வைக்க வேண்டும். மக்கள் யாரை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் ஈஸ்ட்லேண்ட் மாதிரி ஒருவர் ஒரே குழுவின் கதவை 22 வருஷம் பூட்டி வைக்க வழி இருக்கக் கூடாது.